வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே கண்ணாடி

ராஜகனியின் கண்ணாடியை வெயில் தின்றுவிட்டது.

உப்பளத்தில் இது நடக்கிறதுதான். மத்தியானம் முகம் கழுவப் போனவள் கண்ணாடியைக் கழற்றி அம்பாரத்தின் மேல் வைத்தாள். உப்பை மலையாகக் குவித்து வைத்திருப்பார்களே, அதற்குத்தான் அம்பாரம் என்று பேர். திரும்பி வந்து பார்த்தால் ஃபிரேம் மட்டும் கிடக்கிறது. லென்ஸ் ரெண்டையும் காணோம். வெயில் பக்கத்திலேயே உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது.

கங்காணி வந்து ஃபிரேமைத் தூக்கிப் பார்த்தார்.

"பசிச்சிருக்கும். இந்த வருசம் அதுக்கு மேகமே கெடைக்கலல்லா" என்றார்.

"எங் கண்ணுல்லா அண்ணாச்சி அது!"

"கண்ணத் திங்கலையே, கண்ணாடியத்தான தின்னுருக்கு. சந்தோசப்படு."

ராஜகனிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உப்பளத்தில் அழக் கூடாது, கண்ணீர் விழுந்தால் பாத்தியில் உப்புக் கணக்கு மாறிப்போகும். அடக்கிக்கொண்டாள்.

வேறொரு நாளாக இருந்தால் அவள் இவ்வளவு பதறியிருக்க மாட்டாள். இன்றைக்குச் சாயங்காலம் அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். பார்க்க வருவது அவர்கள்தானாம். பெண்ணுக்குக் கண் தெரிகிறதா என்று எவன் கேட்டான்?

அவளுடைய அக்கா தங்கக்கனிக்கும் இதே கிட்டப்பார்வைதான். அவளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அம்மா செய்த முதல் காரியம் கண்ணாடியைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டதுதான். கண்ணாடி போட்ட பெண்ணை யார் கட்டுவான் என்று ஒரு எண்ணம். தங்கக்கனி காப்பித் தட்டோடு வந்து நின்றாள். எதிரே நாலைந்து மங்கல் உட்கார்ந்திருந்தது. அதில் ஒரு மங்கலைக் காட்டி "புடிச்சிருக்காட்டி?" என்று கேட்டார்கள். சரியென்று தலையாட்டிவிட்டாள்.

தலையாட்டுகிற நேரத்தில் ஆள் எப்படித் தெரிகிறாரோ அப்படியே நிலைத்துவிடுவார். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தங்கக்கனிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள். கதவு பளிச்சென்று தெரிந்தது. காலண்டர் தெரிந்தது. காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையின் சிவப்புகூடத் தெரிந்தது. புருசன் மட்டும் மங்கலாக இருந்தார். இன்றுவரைக்கும் அப்படியேதான் இருக்கிறார். கல்யாண ஆல்பத்தில் அவர் நிற்கிற இடத்தை யாரோ பெருவிரலால் தேய்த்த மாதிரி இருக்கும்.

"நல்ல மனுசன்னு எல்லாரும் சொல்லுதாவ. எனக்கும் அப்படித்தான் கேக்கு" என்பாள் அக்கா. குரல் வருகிற திசையில் காப்பியை நீட்டுவாள். ஒரு தடவை திருச்செந்தூர்க் கூட்டத்தில் வேறொருத்தர் கையைப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் போய்விட்டாள். அந்த ஆளும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

ராஜகனி அதை அடிக்கடி நினைத்துப் பார்ப்பாள். ஒரு மங்கலுக்குச் சோறு போட்டு, ஒரு மங்கலோடு சண்டை போட்டு, கடைசியில் எந்த முகத்தை நினைத்து அழுவது? அதனால்தான் இதுவரை வந்த எந்த மங்கலுக்கும் அவள் தலையாட்டவில்லை. கழுத்துப் பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிடுவாள். அம்மாவும் எவ்வளவு நாளைக்குத்தான் தைலம் தேய்ப்பாள்?

இந்த மாப்பிள்ளையின் பேர் லிங்கதுரை. பஸ் கண்டக்டர். "கண்டக்டருட்டி. கழுகுக் கண்ணு இருந்தாத்தான் அந்த வேல. இவனையும் வேண்டாம்னா நான் கடல்ல போயி விழுவேன்" என்று அம்மா காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள்.

ராஜகனி வெறும் ஃபிரேமை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான் இருந்தது. ஆனாலும் மூக்குக்கு ஒரு தைரியம் வேண்டுமே.

கண்ணாடிக் கடைத் தெரு பொல்லாத தெரு. கண் நன்றாகத் தெரிகிறவனுக்குச் சுருங்கிக் கொடுக்கும். தெரியாதவளைக் கண்டால் நீண்டுகொண்டே போகும். அவள் ஒரு டீக்கடையைத் தாண்டினாள். கொஞ்ச தூரம் போய் அதே டீக்கடையைத் தாண்டினாள்.

"என்ன, திரும்பவும் வாரிய?" என்றார் டீ மாஸ்டர்.

"நான் போயிக்கிட்டுல்லா இருக்கேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டு வாராவ" என்று அவர் பால் சட்டியைத் துடைத்தார்.

வெயில் அவள் பின்னாலேயே ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது. விரட்டினால் நின்றது. நடந்தால் நடந்தது. நாலு மணிக்கு அவர்கள் வந்துவிடுவார்கள்.

ஒருவழியாகக் கடை வந்தது. பெர்க்மான்ஸ் அண்ணாச்சியின் கடை. ஒரு பக்கம் முகம் பார்க்கிற கண்ணாடி, மறுபக்கம் முகத்தில் மாட்டுகிற கண்ணாடி. ரெண்டுக்கும் தமிழில் ஒரே பேர் என்பதால் ரெண்டையும் ஒரே கடையில் வைத்துவிட்டார். அவர் மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி, கழுத்துக் கயிற்றில் ஒரு கண்ணாடி.

"வரிசையில நில்லும்மா. உனக்கு முன்னால ஒரு பொண்ணு இருக்கு" என்றார்.

ராஜகனி பார்த்தாள். நிலைக்கண்ணாடிக்குள் வெறும் ஃபிரேம் போட்ட ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

"அது நான்தான் அண்ணாச்சி."

"அவளும் அதத்தான் சொன்னா."

நல்லவேளை, உள்ளே இருந்தவள் புத்திசாலி. இவள் அவசரத்தைப் பார்த்துவிட்டு, தனக்கு ஒன்றும் அவசரமில்லை என்று கையைக் காட்டி ஒதுங்கிப் போய்விட்டாள். நிலைக்கண்ணாடி காலியாயிற்று.

பெர்க்மான்ஸ் அவளை உட்காரவைத்து எழுத்துப் பலகையைக் காட்டினார். 'அ' பெரிதாக இருந்தது. வாசித்தாள். வாசித்த எழுத்து தலைகுனிந்துவிட்டுப் பின்னால் போய் நின்றது. 'ஆ' வாசித்தாள். அதுவும் போயிற்று. சுவரும் கூடவே நகர்ந்தது. பலகை அடுத்த கடைக்குள் போய், அதற்கடுத்த கடைக்குள் போய், துணிக்கடைக்காரர் சத்தம் போடுகிறது கேட்டது. கடைசியில் ஒரே ஒரு எழுத்து போகாமல் நின்றது.

"அது என்ன எழுத்து?"

"ஆய்த எழுத்து. மூணு புள்ளி."

"மூணும் தனித்தனியாத் தெரியுதா, கூட்டாத் தெரியுதா?"

"கூடிக் கூடிப் பேசிக்கிட்டிருக்கு."

"மைனஸ் மூணரை" என்றார் பெர்க்மான்ஸ். "சரி, சொல்லு. வேலைக்கா, வீட்டுக்கா?"

"ரெண்டுக்கும்."

அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவளைப் பார்த்தார்.

"வேலைக்குப் போற கண்ணு வேற, வீட்டுக்கு வாற கண்ணு வேறம்மா. நான் மூணு வச்சிருக்கேன் பாரு. ஒண்ணு வேலைக்கு. ஒண்ணு வீட்டுக்கு."

"மூணாவது?"

"மத்த ரெண்டையும் தேடுறதுக்கு."

"எனக்கு ஒண்ணு போதும் அண்ணாச்சி. பவரும் இருக்கணும், கூலிங் கிளாஸாவும் இருக்கணும். உப்பு தெறிச்சாக் கண்ணுல விழக் கூடாது. கீழ விழுந்தா ஒடையக் கூடாது. வெயில் திங்கக் கூடாது. அதையே போட்டுக்கிட்டு நான் வீட்டுலயும் நாலு பேரு முன்னால நிக்கணும்."

"நாலு பேரு முன்னாலயா? பொண்ணு பாக்க வாராங்களோ?"

"நான் பாக்கப் போறேன்" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

முதலில் கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார். மாட்டினாள். கண் குளுகுளுவென்று ஆயிற்று. வெயில் போன இடம் தெரியவில்லை. தெருவும் போன இடம் தெரியவில்லை.

"தெரு எங்க அண்ணாச்சி?"

"வெயில் தெருவுலதான கெடக்கு? வெயில மறச்சா தெருவும் மறையத்தான செய்யும்."

அடுத்தது பச்சை. இதில் எல்லாம் தெரிந்தது. தெரு தெரிந்தது, கடை தெரிந்தது, கடைக்குள் ராஜகனி அப்போதுதான் தடவிக்கொண்டு நுழைவதும் தெரிந்தது.

"இது கொஞ்சம் லேட்டாக் காட்டுதே."

"பச்சை அப்படித்தான். ரிட்டையர் ஆனவங்க விரும்பி வாங்குவாங்க."

மூன்றாவதாகப் பழுப்பு நிறத்தில் ஒன்றை எடுத்தார். ரெண்டு பக்கமும் காதுவரைக்கும் மறைப்பு. மேலே புருவத்தோடு ஒட்டிக்கொள்கிற விளிம்பு. காதில் மாட்டுகிற கம்பி மெத்தென்று வளைந்தது. அதைத் தரையில் வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டார். சுத்தியல் ரெண்டாக உடைந்தது. "வாரத்துக்கு ஒரு சுத்தியல் போகுது" என்று அலுத்துக்கொண்டார். பிறகு வாசலில் நின்ற வெயிலிடம் நீட்டினார். வெயில் ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டு, பல்லைப் பிடித்துக்கொண்டு தெருவின் எதிர்ச் சாரிக்குப் போயிற்று.

ராஜகனி மாட்டிக்கொண்டாள். உலகம் வந்து உட்கார்ந்தது. பெர்க்மான்ஸுக்குக் காதில் மயிர் இருப்பது தெரிந்தது. தெருவில் ஓடுகிற எறும்பு எங்கே போகிறது என்றுகூடத் தெரிந்தது.

"இதுவே இருக்கட்டும்."

"ஒண்ணு சொல்லிப்புடுதேன்" என்றார் பெர்க்மான்ஸ். "வேலைக்கும் வீட்டுக்கும் ஒண்ணையே போட்டா, வேலையும் வீடும் ஒண்ணாயிடும். அப்புறம் அண்ணாச்சி சொல்லலன்னு சொல்லாத."

"ஏற்கெனவே ஒண்ணாத்தான் அண்ணாச்சி இருக்கு. ராத்திரியெல்லாம் கால்ல உப்பு அரிக்கி."

"சரி. வேலை நடக்கும்போது கழட்டாத. அது ரூலு. போயிட்டு வா."

திரும்பும்போது தெரு வாலைச் சுருட்டிக்கொண்டு குட்டையாகிவிட்டது. டீ மாஸ்டர் ஒரே தடவைதான் வந்தார்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் சலக்கென்று சத்தம் கேட்டது. தரையெல்லாம் கணுக்கால் அளவு உப்புத் தண்ணீர். முன்னறையைப் பாத்தி பாத்தியாக வரப்புக் கட்டியிருந்தது. டிவி இருந்த மூலையில் கூரையைத் தொட்டுக்கொண்டு ஒரு அம்பாரம். மாப்பிள்ளை வீட்டார் வேட்டியையும் சேலையையும் தூக்கிப் பிடித்தபடி நாற்காலிகளில் உட்கார்ந்து முந்திரி மக்ரூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வீடு நல்ல ஈரப்பசையா இருக்கு" என்றார் மாப்பிள்ளையின் பெரிய மாமா. பெரிய மனுசனுக்குக் குறை சொல்லத் தெரியவில்லை.

அம்மா காப்பித் தட்டோடு அடுப்படியிலிருந்து வந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். தட்டு ஆடியது.

"ஐயையோ! மெட்ராஸ் ஐயாட்டி?"

அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் நாற்காலியோடு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நம்ம ஊரில் கூலிங் கிளாஸ் போடுகிறவன் ரெண்டே ரகம். ஒன்று, ரிசப்ஷனில் நிற்கிற மாப்பிள்ளை. இல்லையென்றால் மெட்ராஸ் ஐ வந்தவன். மெட்ராஸ் ஐ வந்தவன் கண்ணைப் பார்த்தாலே நமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதெல்லாம் இல்லை என்று டாக்டர்கள் சொல்வார்கள். அதையும் அவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொல்வார்கள்.

"பொண்ணு வந்துட்டாளா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள் மாப்பிள்ளையின் அம்மா.

"வந்துட்டா" என்று கதவைப் பார்த்துச் சொன்னாள் ராஜகனியின் அம்மா.

"மூக்கும் முழியுமா நல்லாத்தான் இருக்கா" என்று மாமா சுண்ணாம்பைப் பார்த்துப் பாராட்டினார்.

பெண் பார்க்க வந்த வீட்டில் பெண்ணை யாரும் பார்க்கவில்லை. ராஜகனிக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? தலையைக் குனியாமல் நட்டநடுவில் நின்று நிதானமாக மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

லிங்கதுரை மட்டும் திரும்பாமல் உட்கார்ந்திருந்தான். இடது புருவத்தில் ஒரு பழைய வெட்டு. காது கொஞ்சம் பெரிசு. சட்டைக்குள் விசில் கயிறு தெரிந்தது. பேசுவதற்கு முன்னாலேயே சிரித்துவிடுகிற வாய். அவளுக்குப் பிடித்துப்போயிற்று. என்னத்தை மறைக்க, ரொம்பவே பிடித்துப்போயிற்று. இப்படியே ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும். இந்த வெட்டும் இந்தக் காதும் ஆயுசுக்கும் பளிச்சென்று நிலைத்துவிடும்.

அப்போதுதான் அவன் மூக்கைப் பார்த்தாள். ரெண்டு பக்கமும் சின்னதாக ஒரு பள்ளம்.

பாம்பின் கால் பாம்பறியும். அது வருசக்கணக்காகக் கண்ணாடி உட்கார்ந்த பள்ளம். இவனுடைய அம்மாவும் ஒரு அரிசிப் பானை வைத்திருக்கிறாள்.

அவன் எதைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று ராஜகனி திரும்பிப் பார்த்தாள். மூலையில் நின்ற உப்பு அம்பாரத்தைப் பார்த்து லிங்கதுரை வெட்கப்பட்டுக்கொண்டிருந்தான்.

"நல்ல வெள்ளையா இருக்காவம்மா" என்று தாயிடம் கிசுகிசுத்தான். "நல்ல ஒசரம்."

"புடிச்சிருக்காலே?"

"அமைதியாவும் இருக்காவ."

"அப்போ தலைய ஆட்டுலே. சீக்கிரம் ஆட்டு, கெளம்புவோம். கண்ணு ஒட்டிக்கிடும்."

ராஜகனிக்குத் திக்கென்றது. இவன் தலையாட்டிவிட்டால் போச்சு. ஆயுசுக்கும் ஒரு குவியல் உப்போடு பேசிக்கொண்டிருப்பான். இவள் எதிரே நின்று கத்தினாலும் மூலையைப் பார்த்துச் சிரிப்பான். மங்கலான புருசனோடு இருப்பது எப்படி என்று அவளுக்கு அக்கா சொல்லித் தெரியும். அத்தானுக்கு அக்கா எப்படித் தெரிகிறாள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

அவன் மோவாய் இறங்கத் தொடங்கியது.

ராஜகனி ரெண்டு வரப்பைத் தாண்டி, தண்ணீர் தெறிக்க ஓடிப்போய் அவன் மோவாயைப் பிடித்து நிறுத்தினாள். கல்யாணம் ஆகாத பெண் மாப்பிள்ளையின் மோவாயைப் பிடிப்பதா! ஊர் சிரித்துவிடாதா! ஆனால் பார்க்கத்தான் ஒரு ஆள் இல்லையே. எல்லாரும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெட்ராஸ் ஐ வாழ்க.

"யாருங்க?" என்றான் லிங்கதுரை.

"பொண்ணு."

"அப்போ அங்க நிக்கிறது?"

"அது உப்பு."

"உப்பும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றான் பாவமாக.

"பவர் என்ன உங்களுக்கு?"

அவன் சுவர்ப் பக்கம் காதைத் திருப்பி, அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னான். "மைனஸ் மூணரை."

அவள் தன் கண்ணாடியைக் கழற்றினாள். கழற்றும்போது ஒரு கணம் கை நின்றது. இன்னும் ஒரே ஒரு தலையாட்டு, அவளுக்கு எல்லாம் கிடைத்துவிடும். ஆனால் தன்னை இன்னும் பார்க்காதவனுக்குத் தலையாட்டுவது சரியாகப் படவில்லை. கண்ணாடியை அவன் மூக்குப் பள்ளத்தில் வைத்தாள். அளவு எடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது.

அவளுக்கு உலகம் எழுந்து போய்விட்டது. எதிரே ஒரு மங்கல் இருந்தது.

"இப்பத் தெரியுது" என்றது மங்கல். அப்புறம், "உப்பு பரவாயில்ல. நீங்க அதவிட நல்லா இருக்கீங்க" என்றது.

ராஜகனிக்கு முகம் சூடாயிற்று. அதற்குள் காலடியில் தண்ணீர் வடிந்துவிட்டது. வரப்புகள் கரைந்து, நாற்காலிகள் ரெண்டு ரெண்டாக வரிசைப்பட்டன. ஜன்னல்களுக்குக் குறுக்கே கம்பி வந்தது. தரை உறுமியது. வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே கண்ணாடி. இப்போது அதைப் போட்டிருக்கிறவன் கண்டக்டர்.

அவன் எழுந்து நின்றான். கை தானாகப் போய் விசிலை எடுத்தது. ரெண்டு விசில் அடித்தான். வீடு கிளம்பிவிட்டது.

"உள்ள போங்க, உள்ள போங்க. படியில நிக்காதீங்க" என்று தன் தாயை உள்ளே தள்ளினான். வீட்டை யார் ஓட்டுகிறார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பெரிய மாமா எப்போதும் முன்னால்தான் உட்காருவார்.

"எனக்குப் புடிச்சிருக்கு" என்று சொல்லி லிங்கதுரை தலையாட்டினான். நன்றாக, நிதானமாக ஆட்டினான். குரலில் அது தெரிந்தது. இனி அவனுக்கு ராஜகனி ராஜகனியாகவே தெரிவாள். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. உடனே தன் முறை ஞாபகம் வந்தது.

"அவரு ஆட்டிட்டாருட்டி, நீயும் ஆட்டு!" என்றாள் அம்மா கதவைப் பார்த்தபடி. "கழுத்துப் புடிச்சிருக்குன்னு சொன்ன, கொன்னேபுடுவேன்."

"கண்ணாடியக் குடுங்க" என்றாள் ராஜகனி மங்கலிடம். "நானும் ஒருக்க பாத்துட்டு ஆட்டுதேன்."

"வண்டி ஓடும்போது கழட்டக் கூடாதுங்க. அது ரூலு."

"வண்டி எப்ப நிக்கும்?"

"அது மாமாவப் பொறுத்தது."

பெரிய மாமா நிறுத்துகிற ஆளாகத் தெரியவில்லை. வீடு வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து ஓடியது. அடுப்படியில் பாத்திரங்கள் உருண்டன. அம்மா "ஆட்டு, ஆட்டு" என்றாள். மாப்பிள்ளையின் அம்மா "ஆட்டும்மா" என்றாள். வீடு ஆடிய ஆட்டத்தில் ராஜகனியின் தலை தானாக ஆடப் பார்த்தது. அவள் ரெண்டு கையாலும் தன் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மங்கல் அவள் பக்கத்தில் வந்து நின்றது. இடிக்காமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"எங்க இறங்கணும்?" என்று கேட்டது. கண்டக்டர் கேட்கிற கேள்விதான். ஆனால் இவ்வளவு மெதுவாக எந்தக் கண்டக்டரும் கேட்டதில்லை.

"கண்ணாடிக் கடையில."

"புடிக்கலையா?"

"லூசு மாதிரி பேசாதீங்க. இன்னொண்ணு வாங்கணும். ஒரு கண்ணாடியில ரெண்டு பேரு எப்படிப் பாக்க?"

மங்கல் சிரித்தது. சிரிப்பு எந்த இடத்தில் தொடங்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு தடவை பார்த்திருக்கிறாள். ஆனால் இப்போதே புருவ வெட்டு இடதா வலதா என்று குழம்பத் தொடங்கிவிட்டது. அவளுக்குப் பகீரென்றது.

"வண்டி அடுத்த நடைக்குத் திரும்பி இந்த வழியாத்தான் வரும்" என்றான் அவன். "ஏறிக்கிடுவீங்கல்ல?"

"ஏறித்தான் தலையாட்டுவேன். அதுக்குள்ள அந்தக் கண்ணாடியக் கழட்டிப்புடாதீங்க. முக்கியமா வெயில்கிட்ட வைக்காதீங்க."

நிறுத்தச் சொல்லி லிங்கதுரை ஒற்றை விசில் அடித்தான். பெரிய மாமா கேட்டும் கேட்காதவர் மாதிரி ஓட்டினார். எந்த வண்டி ஸ்டாப்பில் நின்றிருக்கிறது? வீடு கடையைத் தாண்டி, அதற்கடுத்த சந்தையும் தாண்டி, நிற்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் மெதுவாயிற்று. ராஜகனி சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு குதித்தாள்.

தெரு அவளைக் கண்டதும் நீளத் தொடங்கியது. தூரத்தில் கடை வாசலில் ஒரு பெரிய வெளிச்சம், அந்த வெயில்தான், குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. கடையில் அந்த ரகத்தில் இன்னும் ஒன்று இருக்கிறதா என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. ஓடினாள். டீ மாஸ்டர் வந்தார். திரும்பவும் வந்தார்.

பின்னால் வீடு உறுமிக்கொண்டு நகர்கிற சத்தம் கேட்டது. படியில் தொங்கியபடி லிங்கதுரை கத்தினான்.

"பாத்து! பாத்துப் போங்க!"

"பாக்கத்தான போறேன்!" என்று திரும்பாமலே கத்திவிட்டு, தலை ஆடிவிடாமல் ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ராஜகனி ஓடினாள்.